கண்மாயும் ஜாவாவும்: ஒரு பொதுச்சொத்தின் கதை



நமது சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பன் தொலைபேசியில் கேட்டான். "சரிடா, ஹாஸ்டல் நினைவுகள் எழுதித் தாரேன்" என்றேன். "வேணாம் மாப்ளே, ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தியே நாப்பது பேரு எழுதியிருக்கான். ஒனக்குத் தெரிஞ்ச தொழிலைப் பத்தி எழுது. படிக்கிற பிள்ளைகளுக்காவது உதவும்" என்று சொல்லிவிட்டான்.

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்றுதான். கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஜாவா மொழியில் புரோகிராம் எழுதிச் சோறு சாப்பிடுகிறேன். அதற்கு முன்பு எனக்குத் தெரிந்த இன்னொரு விஷயம் எங்கள் ஊர்க் கண்மாய். காரியாபட்டிக்குக் கிழக்கே ஒரு சின்னக் கிராமம் எங்களுடையது. இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் கடைசியில் ஒத்துக்கொள்வீர்கள்.

முதலில் கண்மாயைச் சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி வட்டாரம் வானம் பார்த்த பூமி என்பது உங்களுக்குத் தெரியும். மழை பெய்யும் சில நாட்களில் வரும் தண்ணீரைக் கண்மாயில் தேக்கி வைத்தால்தான் வெள்ளாமை. என் தாத்தா காலத்தில் ஆண்டுக்கு ஒரு முறை வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போக வேண்டுமாம். வரத்துக்கால் தூர்வாருவது, கரையில் மண் போடுவது, மடையைச் சரிபார்ப்பது எல்லாம் ஊர் வேலை. இதற்குக் குடிமராமத்து என்று பெயர். வராத வீட்டுக்கு அபராதம் உண்டு. தண்ணீர் எல்லோருக்கும் பொது என்றால் மண்வெட்டியும் எல்லோருக்கும் பொது. இதுதான் கணக்கு.

ஆய்வகத்தில் கேட்ட ஒரு வார்த்தை

நான் எம்.சி.ஏ. சேர்ந்தது 1998-ல். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டிய குளிர்சாதன ஆய்வகம். ஒரு கணிப்பொறிக்கு இரண்டு பேர். கறுப்புத் திரையில் சி மொழியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்த எங்களுக்கு, ஒரு நாள் எங்கள் ஆசிரியர் ஒரு குறுந்தகட்டைக் கொண்டு வந்து காட்டினார். "இதுதாண்டா ஜாவா. காசு கிடையாது. எத்தனை மெஷின்ல வேணும்னாலும் போட்டுக்கலாம்" என்றார். எங்களுக்கு ஒரே சந்தோஷம். "அப்ப இது நம்ம சொத்துதானே சார்?" என்று பின் வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். சார் சிரித்துக்கொண்டே, "இலவசம் வேற, நம்ம சொத்து வேற. இதோட மூலம் நம்ம கையில இல்ல" என்றார்.

அன்றைக்கு அந்த வார்த்தையின் அருமை எனக்குப் புரியவில்லை. அது புரிய ஏறக்குறைய இருபது வருடம் ஆயிற்று.

ஜாவாவின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங்கும் நண்பர்களும் 1991-ல் வீட்டு மின்னணுச் சாதனங்களுக்காக ஒரு மொழியை உருவாக்கத் தொடங்கினார்கள். காஸ்லிங்கின் அலுவலகத்துக்கு வெளியே நின்ற ஓக் மரத்தின் பெயரைத்தான் முதலில் வைத்தார்கள். பிறகு காப்பியின் பெயரில் ஜாவா ஆயிற்று. 1995 மே 23 அன்று உலகுக்கு அறிவித்தார்கள். ஒரு முறை எழுதினால் எந்தக் கணிப்பொறியிலும் ஓடும் என்பதுதான் அதன் பெருமை. சன் நிறுவனம் அதை இலவசமாகத் தந்தது உண்மை. ஆனால் மூல நிரல், அதாவது சோர்ஸ் கோடு, கம்பெனியின் நிபந்தனைகளுக்குள் கட்டுண்டு கிடந்தது. நீங்கள் ஊருணியில் தண்ணீர் எடுக்கலாம்; ஆனால் ஊருணியின் கரையைத் தொடக் கூடாது என்பது போல!

கல்யாண மண்டபக் கணக்கு

ஜாவாவை முதலில் இணையப் பக்கங்களில் பொம்மை ஆட வைக்கத்தான் பலரும் பயன்படுத்தினார்கள். ஆனால் அது சம்பாதித்தது வேறு இடத்தில்: வங்கி, காப்பீடு, தொலைபேசிக் கம்பெனி, பெரிய வியாபாரம். ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் பணம் கட்டினாலும் ஒருவர் கணக்கு இன்னொருவர் கணக்கில் ஏறிவிடக் கூடாது. பாதியில் மின்சாரம் போனால் பாதிப் பணம் தொங்கக் கூடாது. இந்த வேலைகளுக்கென்று ஒரு விதித்தொகுப்பை சன் நிறுவனம் 1999 டிசம்பரில் வெளியிட்டது. ஜே2ஈஈ என்று அதற்குப் பெயர். 'என்டர்பிரைஸ் ஜாவா' என்று நாம் சொல்வது இதைத்தான்.

இதை ஓட்ட 'அப்ளிகேஷன் சர்வர்' என்று ஒன்று வேண்டும். தம்பிகளுக்குப் புரியும்படி சொல்கிறேன். கல்யாணத்துக்குச் சமையல் நம்முடையது. ஆனால் மண்டபம், பாத்திரம், பந்தி, தண்ணீர், விளக்கு எல்லாம் மண்டபக்காரர் பொறுப்பு. நாம் எழுதும் புரோகிராம் சமையல். அப்ளிகேஷன் சர்வர் மண்டபம். அந்தக் காலத்தில் பெரிய மண்டபங்கள் இரண்டு: பீஈஏ நிறுவனத்தின் வெப்லாஜிக், ஐபிஎம் நிறுவனத்தின் வெப்ஸ்பியர். வாடகை கேட்டால் தலை சுற்றும். ஒரு பிராசசருக்குப் பத்தாயிரம் டாலர், அதற்கு மேலும் உண்டு. நான்கு பிராசசர் உள்ள ஓர் இயந்திரத்துக்கு அன்றைய ரூபாய் மதிப்பில் ஏறக்குறைய இருபது லட்சம் ரூபாய், அதற்கு மேலும் ஆகும். நம்ம பக்கத்துச் சின்னக் கம்பெனி எதுவும் அந்த மண்டபத்தின் வாசலில்கூட நிற்க முடியாது.

நான் 2001-ல் படிப்பை முடித்தபோது டாட்காம் கம்பெனிகள் சரிந்து கிடந்தன. திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்று பேர் ஓர் அறையில் தங்கி, காலையில் வேலை தேடி, மாலையில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான் எனக்குத் தெரிந்த ஜாவா. வெப்லாஜிக் தெரிந்தால்தான் வேலை என்றார்கள். வெப்லாஜிக்கைக் கண்ணால் பார்க்க அந்த வேலை வேண்டும்! இந்தச் சுழலிலிருந்து எங்களைப் போன்ற கிராமத்துப் பையன்களைக் கரையேற்றியது திறமூல மென்பொருள்தான் என்றால் மிகையாகாது.

மண்டபத்தின் வரைபடமே இலவசம்

1999-ல் சன் நிறுவனத்தின் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதிய டாம்கேட் என்ற சர்வரை அந்நிறுவனம் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தது. அப்பாச்சி என்பது உலகெங்கும் உள்ள தன்னார்வப் புரோகிராமர்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு. அதுவும் அதே 1999-ல் பதிவானதுதான். அதே ஆண்டில், முன்பு சன் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரான்சு நாட்டவர் மார்க் ஃப்ளூரி ஒரு முழு அப்ளிகேஷன் சர்வரைத் திறமூலமாக எழுதத் தொடங்கினார். முதலில் ஈஜேபாஸ் என்று பெயர் வைத்தார். முன்னால் உள்ள எழுத்துகள் தங்கள் வணிகப் பெயர் என்று சன் நிறுவனம் ஆட்சேபித்ததும் ஜேபாஸ் ஆயிற்று.

ஜேபாஸில் புதுமை அதன் வியாபார முறையில்தான் இருந்தது. மண்டபம் இலவசம், மண்டபத்தின் வரைபடமும் இலவசம். வேண்டுமானால் அதே போல் நீங்களும் கட்டிக்கொள்ளலாம். ஆனால் நடு ராத்திரியில் விளக்கு அணைந்தால் ஓடி வர ஓர் ஆள் வேண்டுமென்றால் அதற்கு மட்டும் பணம். 'இப்படியும் ஒருத்தன் பொழைக்க முடியுமா?' என்று பலர் சிரித்தார்கள். 2006-ல் ரெட்ஹேட் நிறுவனம் ஜேபாஸை வாங்க ஒப்புக்கொண்ட விலை சுமார் 35 கோடி டாலர்! சிரிப்பு அடங்கிவிட்டது.

இன்னொரு கதை புத்தகத்தில் பிறந்தது. ஆஸ்திரேலியரான ராட் ஜான்சன் 2002-ல் ஜே2ஈஈ பற்றி ஒரு நூல் எழுதினார். பெரிய கம்பெனிகள் சொல்லும் முறை தேவையில்லாத சிக்கல், எளிமையாகவே செய்யலாம் என்று வாதிட்டு, அதற்கு ஆதாரமாக ஏறக்குறைய 30,000 வரி நிரலையும் உடன் கொடுத்தார். படித்த வாசகர்கள் இருவர், யூர்கன் ஹோலரும் யான் கரோஃபும், "இதைத் திறமூலமாக வெளியிடலாமே" என்று தூண்டினார்கள். அதுதான் ஸ்பிரிங். அதன் முதல் முழுப் பதிப்பு 2004 மார்ச்சில் வந்தது. இன்று உங்கள் வளாகத் தேர்வுக்கு வரும் கம்பெனி "ஸ்பிரிங் பூட் தெரியுமா?" என்று கேட்கிறதே, அதன் மூதாதை ஒரு நூலோடு வந்த எடுத்துக்காட்டு நிரல்! அதுபோலவே கேவின் கிங் 2001-ல் தொடங்கிய ஹைபர்னேட், தகவல் தளத்தோடு பேசும் தலைவலியைக் குறைத்தது.

2001 சரிவுக்குப் பிறகு எல்லாக் கம்பெனியும் செலவைக் குறைக்க வழி தேடியது இவற்றுக்குக் கதவைத் திறந்துவிட்டது. எனக்கு முதல் வேலை கிடைத்ததும் டாம்கேட், ஹைபர்னேட் தெரிந்த காரணத்தால்தான். அவற்றைக் கற்க நான் செலவழித்தது பிரவுசிங் சென்டர் கட்டணம் மட்டுமே.

பூட்டு திறந்த கதை

ஆனால் ஆசிரியர் சொன்ன வார்த்தை அப்படியே நின்றது. டாம்கேட், ஜேபாஸ், ஸ்பிரிங் எல்லாம் திறந்தவை. அவை நின்று ஆடும் தரையான ஜாவா மட்டும் பூட்டிக் கிடந்தது. 2004-ல் எரிக் ரேமண்ட் ஜாவாவைத் திறந்து விடுங்கள் என்று சன் நிறுவனத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அதே ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன், சுதந்திர மென்பொருள் எழுதுபவர்கள் ஜாவாவை நம்பினால் கண்ணியில் சிக்குவார்கள் என்று எச்சரித்தார். பொறுக்க முடியாத அப்பாச்சிக்காரர்கள் 2005-ல் ஹார்மனி என்ற பெயரில் தாங்களே ஒரு ஜாவாவை எழுதத் தொடங்கினார்கள்.

கடைசியில் 2006 நவம்பர் 13 அன்று, ஜாவாவை ஜிபிஎல் உரிமத்தின் கீழ் திறப்பதாக சன் நிறுவனம் அறிவித்தது. 2007 மே மாதத்தில் ஓப்பன்ஜேடிகே என்ற பெயரில் பெரும்பகுதி வெளிவந்தது.

இதன் பலன் பின்னால்தான் தெரிந்தது. சன் நிறுவனம் நலிந்து, 2010 ஜனவரியில் ஆரக்கிள் கைக்குச் சென்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆரக்கிள், ஆண்ட்ராய்டில் ஜாவாவைப் பயன்படுத்தியதற்காகக் கூகுள் மீது வழக்குத் தொடுத்தது. பத்தாண்டுக்கு மேல் இழுத்த அந்த வழக்கில் 2021 ஏப்ரல் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூகுள் செய்தது நியாயமான பயன்பாடே என்று தீர்ப்பளித்தது. நடுவில், 2019 முதல், ஆரக்கிள் தரும் ஜாவா 8-ன் புதிய திருத்தங்களை வணிகத்துக்குப் பயன்படுத்தப் பணம் கட்ட வேண்டும் என்றானது. எங்கள் அலுவலகத்தில் ஒரே கலவரம். ஆனால் இரண்டு வாரத்தில் அடங்கிவிட்டது. ஏனென்றால் மூலம் திறந்திருந்தது; அதை வைத்து அமேசான், ரெட்ஹேட் போன்ற பலரும் தங்கள் தங்கள் ஜாவாவை இலவசமாகத் தந்தார்கள். 2006-ல் பூட்டு திறக்காமல் இருந்திருந்தால் 2019-ல் நாம் கேட்ட விலையைக் கொடுத்திருப்போம். 'இலவசம் வேற, நம்ம சொத்து வேற' என்பதன் பொருள் அன்றுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

ஜே2ஈஈ விதித்தொகுப்பையும் ஆரக்கிள் 2017-ல் எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது. ஆனால் ஜாவா என்ற பெயரை மட்டும் தரவில்லை. அதனால் 2018-ல் அதற்கு ஜகார்த்தா ஈஈ என்று பெயர் வைத்தார்கள். ஜாவாத் தீவில் உள்ள நகரம்தானே ஜகார்த்தா!

கண்டிச் சீமையில் நடந்தது

இதுவரை சொன்னதெல்லாம் அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா. 'அதெல்லாம் வெள்ளைக்காரன் செய்வான், நாம என்னத்தச் செய்ய?' என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், 2006 வரை.

அந்த ஆண்டில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் கணிப்பொறியும் ஒரு வங்கியின் கணிப்பொறியும் ஒன்றோடொன்று பேசுவதற்கான வேலை எனக்கு வந்தது. அப்பாச்சி ஆக்சிஸ்2 என்ற திறமூல மென்பொருளைப் பயன்படுத்தினோம். அதை உருவாக்கியவர்களின் பட்டியலைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம். வரிசையாக இலங்கைப் பெயர்கள்!

நம் வட்டாரம் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. பஞ்சம் வந்தால் நம் ஆட்கள் கண்டிச் சீமைக்குப் போய்த் தேயிலைத் தோட்டத்திலும் கடைகளிலும் வேலை பார்த்தார்கள். என் தாத்தாவின் அண்ணனும் போனவர்தான். எங்கள் வீட்டில் இலங்கை என்றால் கூலிக்குப் போன ஊர், பிற்பாடு போர் நடக்கும் ஊர், அவ்வளவுதான். அந்தத் தீவிலிருந்து உலகத்துக்கே அடித்தளமான மென்பொருள் வருகிறதா?

நடந்தது இதுதான். ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த சஞ்சீவ வீரவரண தாயகம் திரும்பி, நண்பர்களோடு 2003-ல் லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார். இலங்கை இளைஞர்கள் திறமூல மென்பொருளைப் பயன்படுத்துபவர்களாக மட்டும் இருக்கக் கூடாது, எழுதுபவர்களாக வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2004-ல் ஆக்சிஸ்2 பற்றிய திட்டமிடும் கூட்டம் கொழும்பிலேயே நடந்தது. மொரட்டுவப் பல்கலைக்கழகத்தில் படித்த, படித்துக் கொண்டிருந்த பிள்ளைகள் பலர் அதில் வேலை செய்தார்கள். 2006 மே மாதம் அதன் முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது. போர் மறுபடியும் மூண்ட ஆண்டு அது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இதற்கிடையில் 2005-ல் சஞ்சீவ வீரவரண, பால் ஃப்ரீமேன்டில் முதலானோர் டபிள்யூஎஸ்ஓ2 என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். எல்லா மென்பொருளையும் அப்பாச்சி உரிமத்தில் திறந்தே வெளியிட்டார்கள். ஜேபாஸ் போல ஆதரவுச் சேவைக்கு மட்டும் பணம். ஈபே போன்ற பெரும் நிறுவனங்கள் வாடிக்கையாளர்கள் ஆயின. 2024-ல் ஈக்யூடி என்ற சர்வதேச முதலீட்டு நிறுவனம் அதை வாங்க ஒப்பந்தம் செய்தது. கூகுள் நிறுவனம் 2005-ல் மாணவர்களுக்காகத் தொடங்கிய கோடைக்காலத் திறமூலத் திட்டத்தில், முதல் பத்தாண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்கள் பங்கேற்ற பல்கலைக்கழகம் எது தெரியுமா? அமெரிக்காவில் இல்லை. மொரட்டுவ!

இந்தியாவிலும் இத்தகைய முயற்சிகள் நடக்காமல் இல்லை. பெங்களூரில் நந்தன் நிலேகனியும் ஸ்ரீகாந்த் நாதமுனியும் 2003-ல் தொடங்கிய ஈகவ் அறக்கட்டளை, நகராட்சிகளுக்கான மென்பொருளை ஜாவாவில் எழுதியது. சென்னை மாநகராட்சியும் அதைப் பயன்படுத்திய நகரங்களில் ஒன்று. அதே நகரின் ஐஐஐடியில் 2018-ல் தொடங்கிய மோசிப் என்ற அடையாள அட்டை மென்பொருளும் ஜாவாதான். பிலிப்பைன்ஸ், மொராக்கோ நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. சிறுகடன் சங்கங்களுக்கான மிஃபோஸ் முதலில் ஓடத் தொடங்கியதும் நம் நாட்டில்தான். இன்று அதன் வழித்தோன்றல் அப்பாச்சி ஃபினராக்ட். ஆனாலும் மென்பொருள் தொழிலில் லட்சக்கணக்கானவர்கள் இருக்கும் நம் நாட்டையும், அந்தச் சின்னத் தீவையும் வைத்துப் பார்த்தால், எடுத்துக்கொண்ட அளவுக்கு நாம் கொடுக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஊரைச் சொல்வானேன்? என்னையே சொல்கிறேன்.

என் பங்கு: ஒரு தப்பு

2007-ல் நாங்கள் பயன்படுத்திய ஒரு சிறு திறமூல மென்பொருளில் ஒரு பிழை இருந்தது. உலகில் எல்லா நாட்டு நேரமும் கிரீன்விச்சிலிருந்து முழு மணிக்கணக்கில்தான் வேறுபடும் என்று நினைத்து எழுதியிருந்தார்கள். நமக்கு ஐந்தரை மணி. அரை மணி நேரம் காணாமல் போய்விட்டது! நள்ளிரவு பன்னிரண்டு முதல் பன்னிரண்டரை வரை நடந்த வரவு செலவெல்லாம் முந்தின நாள் தேதியில் ஏறியது. மூன்று நாள் தூங்காமல் நானே கண்டுபிடித்து, பதினான்கு வரி எழுதிச் சரிசெய்தேன். மேலாளர் தோளில் தட்டினார். "சார், இத அவங்களுக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டேன். "எதுக்குப்பா வம்பு? வக்கீல்ட்ட கேக்கணும், பர்மிஷன் வாங்கணும். நம்ம வேலை முடிஞ்சுருச்சுல்ல, விடு" என்றார். விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதில் ஒரு கர்வம்: இது எங்களிடம் மட்டும் இருக்கட்டுமே!

ஒன்றரை வருடம் கழித்து அந்த மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. நான் அப்போது வேறு வேலையில். பையன்கள் புதியதைப் போட்டார்கள். என் பதினான்கு வரி போயே போய்விட்டது. மறுபடியும் அரை மணி நேரம் காணோம். இந்தத் தடவை வாடிக்கையாளர் கண்டுபிடித்தார். எங்களுக்குக் கெட்ட பெயர்.

சில மாதங்களில் வந்த அடுத்த பதிப்பில் அந்தப் பிழையே இல்லை. யாரோ ஒருவர் திருத்தி அனுப்பியிருந்தார். காட்மாண்டுக்காரர் என்று பிறகு தெரிந்தது. நேபாள நேரம் ஐந்தே முக்கால். நம்மைவிட அவருக்கு வலி அதிகம்! அவர் எழுதியதும் ஏறக்குறைய நான் எழுதியதுதான். அந்த மென்பொருள் உள்ளவரை அவர் பெயர் அதன் பதிவேட்டில் இருக்கும். என் பதினான்கு வரி எந்தக் கணிப்பொறியில் செத்ததோ தெரியாது. கண்மாய்க் கரை உடைந்ததைப் பார்த்துவிட்டு, தன் வயலுக்கு மட்டும் வரப்புப் போட்டுக்கொண்டவன் கதை என் கதை.

2021 டிசம்பர்

பொதுச்சொத்தைப் பராமரிக்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பரில் உலகமே பார்த்தது. அப்போது நான் ஊரில் இருந்தபடியே வேலை பார்த்துக் கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை இரவு ஆரம்பித்த தொலைபேசி நிற்கவில்லை. லாக்4ஜே என்று ஒரு சிறு ஜாவா மென்பொருள். சர்வரில் என்ன நடந்தது என்று நாட்குறிப்பு எழுதி வைப்பது மட்டுமே அதன் வேலை. அதில் ஒரு குறிப்பிட்ட விதமான வாக்கியத்தை எழுத வைத்தால், வெளியிலிருந்து அந்நிய நிரலை இழுத்து வந்து ஓட்டிவிடும் என்று தெரிந்தது. அலிபாபா நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் நவம்பர் 24 அன்றே அப்பாச்சிக்குத் தெரிவித்திருந்தார். உலகின் வங்கிகள், அரசாங்கங்கள், விளையாட்டுக் கம்பெனிகள் எல்லாம் அதைப் பயன்படுத்தின. அதைப் பராமரித்தவர்களோ சொற்பப் பேர், பெரும்பாலும் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் செய்த தன்னார்வலர்கள்! ராத்திரி பகலாக உட்கார்ந்து அடுத்தடுத்துத் திருத்தம் வெளியிட்டவர்களும் அவர்களே. அவர்களைத் திட்டியவர்கள்தான் அதிகம். உதவிக்கு மண்வெட்டி எடுத்தவர்கள் குறைவு.

அந்த வாரம் ஒரு விடியற்காலையில், கண் எரிய வீட்டுக்கு வெளியே வந்து கண்மாய்க் கரையில் நடந்தேன். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடம். கண்மாய் நிறைய வேண்டியது; பாதிதான் நிறைந்திருந்தது. உள்ளே சீமைக்கருவேலம் காடாக நிற்கிறது. வரத்துக்கால் தூர்ந்து கிடக்கிறது. அங்கே நின்ற எங்கள் சித்தப்பா சொன்னார்: "போர் போட்டவன் போர்த் தண்ணிய நம்புறான், போர் இல்லாதவன் கவருமெண்ட நம்புறான். கம்மாய நம்புறவன் யாருமில்ல. ஆனா மழை பேஞ்சா மட்டும் எல்லாப் பயலுக்கும் தண்ணி வேணும்."

லாக்4ஜே பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

தம்பி தங்கைகளுக்கு

திறமூலம் என்றால் ஓசி என்று நினைத்துவிடாதீர்கள். அது கண்மாய்த் தண்ணீர். எடுக்க உரிமை உண்டு. மராமத்து செய்யும் கடமையும் உண்டு. மொரட்டுவ மாணவர்களுக்கும் நமக்கும் மூளையில் வித்தியாசம் இல்லை. அங்கே ஒருவர் பின்னால் ஒருவராகக் கையைப் பிடித்து அழைத்துப் போக மூத்தவர்கள் இருந்தார்கள். அந்த வேலையை முன்னாள் மாணவர்களாகிய நாங்கள் இதுவரை செய்யவில்லை. குறை எங்களுடையது.

தொடங்குவதற்குப் பெரிய அறிவு தேவையில்லை. ஏதாவது ஒரு திறமூல மென்பொருளை எடுத்து, அதன் விளக்கக் குறிப்பில் தப்பாக இருக்கும் ஒரு வரியைத் திருத்தி அனுப்புங்கள். அடுத்தது ஒரு சோதனை நிரல். அடுத்தது ஒரு சின்னப் பிழை. அப்படியே கரையில் ஒரு கூடை, இரண்டு கூடை என்று மண் விழும். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, 2022-ல்தான் நான் என் முதல் திருத்தத்தை அனுப்பினேன். மூன்றே வரி. ஏற்றுக்கொண்டார்கள் என்று பதில் வந்தபோது, முதல் சம்பளம் வாங்கிய அன்று அம்மாவிடம் ஓடியது போல ஓடி என் மகளிடம் காட்டினேன். "மூணு வரிக்கா இந்த ஆட்டம்ப்பா?" என்று கேட்டாள். பதினைந்து வருடத்துக்கு முன் அனுப்பாமல் விட்ட அந்தப் பதினான்கு வரியைப் பற்றி அவளிடம் அப்போதுதான் சொன்னேன்.

இந்தச் சந்திப்பின்போது கல்லூரி அனுமதித்தால் ஓர் ஏற்பாடு செய்யலாம் என்பது என் வேண்டுகோள். மாதம் ஒரு சனிக்கிழமை, அதே ஆய்வகத்தில், விருப்பமுள்ள பத்துப் பிள்ளைகள். நான் மதுரையிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுகிறேன். இன்னும் நான்கு பழைய மாணவர்கள் முறை வைத்து வந்தால் போதும். ஒரு வருடத்தில் நம் கல்லூரிப் பெயர் ஏதாவது ஒரு மென்பொருளின் பதிவேட்டில் ஏறியே தீரும்.

செருப்பை வெளியே கழற்றிவிட்டு, மண்வெட்டியோடு உள்ளே வாருங்கள்!

வாழ்க நம் கல்லூரி! வளர்க மாணவர் ஒற்றுமை!

முன்னாள் மாணவர், எம்.சி.ஏ. (1998–2001)